நியூயார்க்கில் ஐம்பதாவது நகர்த்தல்

1987இல் ஸ்பெயினின் செவில் நகரில் உலக செஸ் பட்டத்துக்காகக் காஸ்பரோவும் கார்போவும் 24 ஆட்டங்கள் ஆடி 12–12 என்று முடித்தார்கள். பட்டம் காஸ்பரோவிடமே தங்கியது. சமன் என்றால் சாம்பியனுக்கே என்பது அன்றைய விதி. சவால் விட வந்தவருக்கு இது அநியாயம்தான்! பிற்பாடு அந்தச் சலுகை போய், சமனை முறிக்க ரேபிட் என்னும் வேக ஆட்டங்கள் வந்தன. 2012இல் மாஸ்கோவில் நம் ஆனந்த், கெல்ஃபாண்டை வீழ்த்தியதும் ரேபிட்டில்தான்.

இன்று நாம் பார்க்கப்போவது 2016 நவம்பர் 30 அன்று நியூயார்க்கில், அதேபோல ரேபிட்டில் உலகப் பட்டத்தை முடிவு செய்த ஆட்டம். நார்வேயின் மேக்னஸ் கார்ல்சனுக்கு அன்று 26ஆவது பிறந்தநாள். எதிரே ரஷ்யாவின் செர்கேய் கர்யாகின். லேசுப்பட்டவர் இல்லை, 2012இன் உலக ரேபிட் சாம்பியன்.

கிளாசிக்கல் ஆட்டங்கள் பன்னிரண்டும் முடிந்தபோது 6–6. கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் கையில் இருந்தும், கார்ல்சன் சுமார் 35 நிமிடத்தில், 30 நகர்த்தலில் டிரா செய்துவிட்டார். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கொதித்தார்கள். நான் அதைத் துணிச்சலான கணக்கு என்றே சொல்வேன். வேகமான ஆட்டத்தில் தன் கைதான் ஓங்கும் என்று அவர் நம்பினார்.

நான்கு ரேபிட் ஆட்டங்கள். ஆளுக்கு 25 நிமிடம், நகர்த்தலுக்கு 10 வினாடி கூடுதல். முதலாவது டிரா. இரண்டாவதில் கார்ல்சன் நெருக்கியெடுத்தார். கர்யாகினோ கடிகாரத்தில் வினாடிகளை வைத்துக்கொண்டு போராடி, 84ஆவது நகர்த்தலில் ஸ்டேல்மேட்டில் டிரா செய்து தப்பினார். என்ன பிடிவாதம்! மூன்றாவதைக் கார்ல்சன் கறுப்புக் காய்களோடு வென்றார்.

நான்காவதில் கர்யாகின் ஜெயித்தே ஆகவேண்டும். சிசிலியன் தற்காப்பை எடுத்தார், முட்டி மோதினார். 49ஆவது நகர்த்தலில் கார்ல்சனின் யானை கடைசி வரிசைக்குப் போய் செக் வைத்தது. கறுப்பு ராஜா ஒரு கட்டம் முன்னால் ஒதுங்கியது. அடுத்த கணம் வெள்ளை ராணி அந்த ராஜாவின் முகத்துக்கு நேராக, தானே வெட்டுப்படும் கட்டத்தில் போய் நின்று செக் சொன்னது. வெட்டாமல் இருக்க வழியில்லை. ராஜா வெட்டினால் ஒரு யானை மேட் செய்யும். சிப்பாய் வெட்டினால் மற்ற யானை மேட் செய்யும். கர்யாகின் கைகொடுத்தார். ரேபிட் கணக்கு 3–1.

உலகப் பட்டப் போட்டியை முடித்துவைத்த நகர்த்தல்களில் இதைவிட அழகானதை நான் பார்த்ததில்லை. இந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பாருங்கள். 49ஆவது நகர்த்தலோடு நிறுத்திவிட்டு, அடுத்ததை நீங்களே தேடுங்கள்.