சிலியில் ஜனநாயகம் மீண்ட கதை

மீட்டல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இருவேறு வழக்குகள் உண்டு. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையைப் பொருது மீட்பதைக் கரந்தைத் திணை என்று வகுத்தது புறப்பொருள் வெண்பாமாலை. அடகு வைத்த நகையை மீட்பது வீட்டு வழக்கு. முன்னது வேலால் நிகழ்வது. பின்னது அசலையும் வட்டியையும் எண்ணி வைத்த பிறகே கைகூடுவது. இராணுவத்தின் கையில் சிக்கிய ஜனநாயகத்தை ஒரு நாடு மீட்கும்போது, அது எவ்வகை மீட்பாக இருக்கும்? தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டின் வரலாறு இக்கேள்விக்குத் தெளிவான ஒரு விடை தருகிறது. அதனையே இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஆண்டீஸ் மலைத்தொடருக்கும் பசிபிக் மாகடலுக்கும் இடையே, வடக்கு தெற்காக நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நாடு சிலி. செம்பு அதன் செல்வம். அண்டை நாடுகளில் ஆட்சிக் கவிழ்ப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்த காலத்திலும், தேர்தல்களையும் பாராளுமன்றத்தையும் பெரும்பாலும் பேணி வந்த நாடு என்ற நற்பெயர் அதற்கு இருந்தது. 1970-இல் சோஷலிஸ்டுத் தலைவர் சால்வடோர் அயெந்தே அங்கே ஜனாதிபதியானார். பொருளாதார நெருக்கடியும் கட்சிகளின் கடும் பகைமையும் நாட்டை இரண்டாகப் பிளந்தன. 1973 செப்டம்பர் 11-ஆம் நாள் முப்படைகள் ஆட்சியைக் கைப்பற்றின. தலைநகர் சாண்டியாகோவில், லா மொனேடா என்னும் ஜனாதிபதி மாளிகைமீது சொந்த நாட்டு விமானங்களே குண்டு வீசின. அன்றே அயெந்தே மாண்டார். தரைப்படைத் தளபதி அகஸ்டோ பினோசெட் நாட்டின் தலைவரானார்.

பாராளுமன்றம் மூடப்பட்டது; கட்சிகள் தடை செய்யப்பட்டன; பத்திரிகைகள் வாயடைக்கப்பட்டன. இவற்றோடு இன்னொரு செயலும் நிகழ்ந்தது. வாக்காளர் பட்டியல்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டு அழிக்கப்பட்டன. கொடுமைகளின் வரிசையில் இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பட்டியல் என்பது என்ன என்பதை நம் நாட்டு அனுபவமே சொல்லும். இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, தம் பெயரைச் சொல்லாது 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் கூறிய பெண்கள் ஏராளம். அப்படிப்பட்ட பதிவுகளை ஏற்க இயலாது என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றதால், சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெயரில்லாதவருக்கு வாக்கில்லை என்பதே அதன் பொருள். சிலியில் ஒரு நாடு முழுவதும் ஒரே ஆணையால் பெயரற்றதாயிற்று.

பெயர்களைக் காக்கும் பணியை மேற்கொண்டவர்களும் இருந்தார்கள். 1976-இல் சாண்டியாகோவின் கத்தோலிக்கப் பேராயர் கார்டினல் ரவூல் சில்வா என்ரிக்கெஸ், துன்புறுத்தப்பட்டோர்க்கு உதவ ஓர் அலுவலகத்தை நிறுவினார். பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களின் தாய்மாரும் மனைவியரும் அங்கே வந்தனர். ஒவ்வொருவர் பெயரும், எங்கே, எந்நாள், யார் பிடித்துச் சென்றனர் என்பதும் எழுதிவைக்கப்பட்டன. மனுக்களை நீதிமன்றங்கள் பெரும்பாலும் தள்ளிவிட்டன. ஆயினும் ஏடுகள் அழியவில்லை. பிற்காலத்தில் உண்மையை நிலைநாட்ட உதவியவற்றுள் அவை முதன்மையானவை.

இனி நம் கதையின் முக்கியமான திருப்பத்துக்கு வருகிறேன். துப்பாக்கியால் வந்த ஆட்சியும் எழுத்தின் துணையை நாடும். 1980-இல் பினோசெட் ஆட்சி புதிய அரசியல் சட்டம் ஒன்றை இயற்றியது. வாக்காளர் பட்டியலே இல்லாமல், பெருவிரலில் மை தடவி நடத்திய வாக்கெடுப்பில், சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றதாக அறிவித்தது. அச்சட்டத்தின் இறுதியில் இடைக்கால விதிகள் சில சேர்க்கப்பட்டிருந்தன. எட்டாண்டுகள் கழிந்தபின் படைத்தளபதிகள் கூடி ஒருவர் பெயரை முன்மொழிவர். மக்கள் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று வாக்களிப்பர். 'இல்லை' வென்றால், ஓராண்டில் போட்டித் தேர்தல் நடைபெறும்.

அரசாங்கச் சட்டங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது என் தொழில். அத்தொழிலில் உள்ளோர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. சட்டத்தின் முகவுரையை எல்லோரும் படிப்பர்; கடைசிப் பக்கத்துச் சிறு விதிகளைப் படிப்போர் சிலரே. அலங்காரமாக எழுதிய முகவுரை எவரையும் கட்டாமற் போகலாம். 'நடைபெறும்' என்று முடியும் ஒரு சிறு விதி எழுதியவரையே கட்டிவிடும்.

ஆனால் எதிர்க்கட்சியினர் அவ்விதியை உடனே பற்றிக்கொள்ளவில்லை. அதற்கு முன் வேறு வழிகளையும் முயன்றனர். 1982-இல் பொருளாதாரம் சரிந்து வேலையின்மை பெருகியது. 1983 மே மாதம் செம்புச் சுரங்கத் தொழிலாளர் விடுத்த அழைப்பை ஏற்று நாடெங்கும் கண்டன நாள் அனுசரிக்கப்பட்டது. இரவில் இல்லத்தரசிகள் காலிப் பாத்திரங்களைத் தட்டி ஓசை எழுப்பினர். மாதந்தோறும் கண்டனம் தொடர்ந்தது, மாதந்தோறும் உயிர்களும் பலியாயின, ஆட்சி அசையவில்லை. 1986 செப்டம்பரில் ஆயுதக் குழு ஒன்று பினோசெட்டின் வாகன வரிசையைத் தாக்கியது. மெய்க்காவலர் ஐவர் மாண்டனர், பினோசெட் தப்பினார், அடக்குமுறை கடுமையாயிற்று. வேல் தூக்கும் கரந்தை வழி அடைபட்டது.

எஞ்சிய வழி ஒன்றே. அது கசப்பான வழி. சர்வாதிகாரி எழுதிய சட்டத்தின்படி, சர்வாதிகாரி குறித்த நாளில் வாக்களிப்பதென்றால், அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டதாகாதா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய், பறித்தவர் வைத்த பெட்டியில் போய்ச் சீட்டுப் போடுவதா? இக்கேள்வி வெறும் விவாதமன்று. பலருக்கு அது மானப் பிரச்சினை. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர்களில் ஒருவரான பாட்ரிசியோ அய்ல்வின், 1984-இல் ஒரு கருத்தரங்கில் துணிந்து ஒரு யோசனை கூறினார். சட்டம் நியாயமானதா என்ற வாதத்தை ஒதுக்கிவைப்போம். அது நடைமுறையில் இருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டு, அதனூடே வழி தேடுவோம் என்பது அவர் சொன்னதன் சாரம். பலர் சினந்தனர். நாளடைவில் பெரும்பாலோர் அவ்வழிக்கே வந்தனர்.

வழி திறப்பதற்கு எதிர்பாராத இடத்திலிருந்தும் உதவி கிடைத்தது. 1985-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. இது இராணுவ ஆட்சி வகுத்த சட்டப்படியே அமைந்த நீதிமன்றம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வரப்போகும் வாக்கெடுப்பைக் கண்காணிக்கத் தேர்தல் தீர்ப்பாயம் அப்போதே செயற்பட வேண்டும் என்று அது கூறிற்று. ஆகவே பட்டியல், முகவர், எண்ணிக்கை ஆகியவற்றுக்குரிய விதிகள் மீண்டும் உயிர்பெற்றன. 1987 பிப்ரவரியில் வாக்காளர் பதிவு தொடங்கியது. முதல் பெயராகப் பினோசெட்டே பதிவு செய்துகொண்டார்.

ஆரம்பத்தில் மக்கள் தயங்கினர். பெயர் கொடுத்தால் பின்னர் பிடித்துச் செல்வார்களோ என்ற அச்சம். கொடுத்து என்ன பயன் என்ற சலிப்பு. வீடுவீடாகச் சென்று, அடையாள அட்டை பெறவும் பதிவு செய்யவும் தூண்டினர் தொண்டர்கள். வாக்கு இரகசியமானது என்பதைத் திரும்பத் திரும்ப விளக்கினர். பதிவு முடிந்தபோது 74 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் இருந்தனர். எரிந்த ஏடு மறுபடியும் எழுதப்பட்டுவிட்டது. வெற்றியின் பாதி அங்கேயே கிட்டிவிட்டது என்பது என் கருத்து.

மற்றப் பாதி ஒற்றுமையால் வந்தது. 1988 பிப்ரவரியில் 'இல்லை' என்று வாக்களிக்கக் கோரும் கட்சிகளின் கூட்டணி அமைந்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் சோஷலிஸ்டுகளும் அதில் ஒருங்கே நின்றனர். 1973-இல் அயெந்தேயைக் கடுமையாக எதிர்த்த கட்சியின் தலைவராக இருந்தவர் அய்ல்வினே. அயெந்தேயின் தோழர்கள் அதை மறந்திருக்க முடியாது. எனினும் பழங்கணக்கைத் தீர்ப்பதற்கு முதலில் பேசும் உரிமை வேண்டும் என்பதை இருசாராரும் உணர்ந்தனர்.

பதினைந்தாண்டு மௌனத்துக்குப் பின், செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 1 வரை, ஒவ்வொரு பக்கத்தாருக்கும் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் தொலைக்காட்சியில் ஒதுக்கப்பட்டது. வார நாட்களில் இரவு பத்தே முக்கால் மணிக்கு மேல், உழைப்பாளிகள் உறங்கப்போகும் வேளையில் அது ஒளிபரப்பாயிற்று. மக்கள் உறங்காமற் காத்திருந்தனர். எதிர்க்கட்சியினர் தம் நேரத்தைப் புலம்பலுக்கு மட்டும் செலவிடவில்லை. காணாமற் போனவர்களைப் பற்றி அடக்கமாகச் சொன்னார்கள். அச்சமற்ற நாளை எப்படியிருக்கும் என்பதையே நகைச்சுவையோடும் இசையோடும் காட்டினார்கள். அஞ்சியவனிடம் கொடுமையை மேன்மேலும் விவரித்தால் அவன் கதவைத் தாழிட்டுக்கொள்வான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1988 அக்டோபர் 5. பட்டியலில் இருந்தோரில் நூற்றுக்கு 97 பேர் வாக்களித்தனர். சிலியில் வாக்காளர் பென்சிலால் குறியிடுவது அக்கால வழக்கம். சீட்டில் அச்சிட்ட படுக்கைக் கோட்டின் குறுக்கே நெட்டுக்கோடு ஒன்று இழுக்க வேண்டும், அவ்வளவே. சாவடிகளில் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுகள் எண்ணப்பட்டன. எதிர்க்கட்சியின் முகவர்கள் எண்ணிக்கையை அங்கேயே குறித்துத் தம் தலைமையிடத்துக்கு அனுப்பினர். இரவு ஏழரை மணியளவில் அரசாங்கம் 79 சாவடி மேசைகளின் முடிவை மட்டும் வெளியிட்டு, 'ஆம்' முன்னணியில் இருப்பதாகக் கூறியது. பின்னர் நெடுநேரம் தயங்கியது. ஆனால் எதிர்க்கட்சியிடம் தனிக் கணக்கு இருந்தது. அதை மறைக்க வழியில்லை. நள்ளிரவுக்குப் பின் லா மொனேடாவுக்குள் நுழைந்த விமானப்படைத் தளபதி பெர்னாண்டோ மத்தேய், 'இல்லை' வென்றுவிட்டது என்று தமக்குத் தெளிவாகத் தெரிவதாக நிருபர்களிடம் சொல்லிவிட்டார். உள்ளே பினோசெட் தமக்கு விசேஷ அதிகாரம் வேண்டினார். மத்தேய் கையொப்பமிட மறுத்தார். இறுதிக் கணக்கில் 'இல்லை'க்கு சுமார் 56 சதவீதம். 'ஆம்' என்பதற்கு 44.

தளபதிகள் ஏன் இணங்கினர்? நற்குணம் மட்டும் காரணமன்று. விதி அவர்கள் எழுதியது. பட்டியல் அவர்கள் காலத்தில் முடிந்தது. எண்ணிக்கை ஊரறிய நடந்தது. மறுத்தால் மறுபடியும் பீரங்கி வண்டிகளைத் தெருவில் நிறுத்த வேண்டும். அதற்கு எல்லோரும் உடன்பட வேண்டும். உடன்படாதார் ஒருவர் இருந்தாலும் சர்வாதிகாரத்தின் கை தளர்ந்துவிடும். அவர் உடன்படாதிருப்பதற்கு ஏற்ற சூழ்நிலையை உண்டாக்கியது மக்களின் கணக்கு.

1989 டிசம்பர் தேர்தலில் அய்ல்வின் 55 சதவீத வாக்குகளுடன் வென்றார். 1990 மார்ச் 11-இல் பதவியேற்றார். நகை வீடு வந்தது. வட்டியோ பல ஆண்டு நீடித்தது. பினோசெட் 1998 வரை தரைப்படைத் தளபதியாகவே இருந்தார். அவரை நீக்க ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை. செனட் சபையில் ஒன்பது இடங்கள் நியமன உறுப்பினர்க்கு உரியவை. அரசுச் செம்பு நிறுவனத்தின் விற்பனையில் பத்தில் ஒரு பங்கு படைகளுக்குச் சென்றது. 1978-இல் பினோசெட் ஆட்சி தன்னவர்க்கு வழங்கிக்கொண்ட பொதுமன்னிப்பும் நிலைத்தது.

பதவியேற்ற மறுநாள் சாண்டியாகோவின் தேசிய விளையாட்டரங்கில் பெருந்திரள் கூடியது. 1973-இல் ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்து வதைத்த இடம் அது. குடிமக்களும் படையினரும் ஒரே நாட்டினர் என்ற பொருளில் அய்ல்வின் பேசியபோது கூட்டம் சீழ்க்கையடித்து எதிர்த்தது. அவர் பின்வாங்காமல் அதையே அழுத்திச் சொன்னார். அடுத்த மாதம் ரவூல் ரெட்டிக் தலைமையில் உண்மை அறியும் குழுவை அமைத்தார். கொல்லப்பட்டோரும் காணாமற் போனோருமாக 2,279 பேரை அது அடையாளங் கண்டது. 1991 மார்ச்சில் தொலைக்காட்சியில் தோன்றிய அய்ல்வின், அரசின் பெயரால் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரினார். அவர் குரல் தழுதழுத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் பாசறையில் இருந்தார்கள், கேட்டவரோ தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

தளபதிகளை நீக்கும் அதிகாரம் 2005-இல்தான் ஜனாதிபதிக்கு மீண்டது. நியமன செனட்டர் முறையும் அவ்வாண்டே ஒழிந்தது. செம்புச் சட்டம் 2019-இல் நீக்கப்பட்டது. புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்று 2020-இல் மக்கள் பெருவாரியாகக் கூறினர். ஆனால் 2022-இலும் 2023-இலும் முன்வைத்த இரு வரைவுகளையும் அவர்களே நிராகரித்தனர். பலமுறை திருத்தப்பட்ட 1980-ஆம் ஆண்டுச் சட்டம் அதனால் நீடித்தது. இதைத் தோல்வி என்பாரும் உண்டு. ஆனால் முதலில் அச்சட்டத்தை அவர்கள்மேல் சுமத்தியவர் கேட்டறிய விரும்பாத 'இல்லை' என்னும் சொல்லை, அச்சமின்றி மும்முறை சொல்லும் உரிமை இன்று அவர்களுக்கு இருக்கிறது.

வட்டி அதிகம் என்பதற்காக மீட்காமல் விட்டிருக்கலாமா என்று கேட்பவர், காணாமற் போனவரைத் தேடிய பெண்களிடம் கேட்க வேண்டும். அவர்களும் 1988-இல் வரிசையில் நின்று வாக்களித்தவர்களே. இராணுவ ஆட்சியின் கீழ் வாழும் மக்கள் எல்லோருக்கும் சிலியின் வழி பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒவ்வொரு சாவி. ஆயினும் அந்நாடு தரும் பாடம் ஒன்று எங்கும் செல்லும். ஆட்சியைப் பறித்தவர்கள் முதலில் அழித்தவற்றுள் ஒன்று பட்டியல். மீட்டவர்கள் முதலில் எழுதியதும் பட்டியலே. நம் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் வாக்காளர் பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும்போது, கடைக்குப் போகும் வழியில் ஒரு நிமிடம் நின்று, நம் பெயரும் அண்டை வீட்டார் பெயரும் அதில் உள்ளனவா என்று பார்ப்போமாக.