இனிப்பு நீர் நோயும் இரத்தப் பரிசோதனையும்

(பிரிக்பீல்ட்ஸில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இக்கூட்டத்திற்கு வரும் வழியில், வெள்ளைக் கோலுடன் நடைபாதையில் செல்லும் பார்வையற்ற அன்பர்கள் சிலரை நீங்கள் கண்டிருக்கக்கூடும். 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பிரிக்பீல்ட்ஸில்தான் இயங்கி வருகிறது. பார்வை இழப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள், முன்கூட்டியே அறிந்தால் பெரும்பாலும் தடுத்துவிடக்கூடிய காரணம் ஒன்று உண்டு. அதுவே நீரிழிவு. தோட்டத்தில் நாம் அதனை 'இனிப்பு நீர்' என்கிறோம்.

இந்நோய் கண்ணோடு நிற்பதில்லை. சிறுநீரகத்தையும் இருதயத்தையும் கால் நரம்புகளையும் கெடுக்கிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் ஐவருக்கு இருவர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். 2019ஆம் ஆண்டின் ஆய்வில் இந்தியர்களிடையே இது 31.4 விழுக்காடாக இருந்தது. தொடக்கத்தில் வலியில்லை, காய்ச்சலில்லை. ஆகவே, இரத்தத்தைச் சோதித்தே இதனை அறிய வேண்டும்.

"மெலிந்த உடம்பு, இருக்கிற இரத்தத்தையும் எடுத்துவிடுவார்களே" என்று நம் தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். சோதனைக்கு எடுப்பது ஓரிரு தேக்கரண்டி அளவே. உடலில் ஓடுவதோ ஏறத்தாழ ஐந்து லிட்டர். எடுத்ததை உடல் விரைவில் ஈடு செய்துகொள்ளும்.

பால் கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பதை நீங்கள் அறிவீர்கள். இரத்தக் குழாயிலும் அத்தகைய மருந்து உண்டு. சர்க்கரை அளவு பார்க்கும் குழாய்க்குப் பெரும்பாலும் சாம்பல் நிற மூடி இருக்கும். அதிலுள்ள மருந்து, இரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று அளவைக் குறைத்துவிடாமல் காக்கிறது.

வெறும் வயிற்றுச் சோதனைக்கு எட்டு மணி நேரமேனும் உணவு உண்ணாதிருத்தல் வேண்டும். பச்சைத் தண்ணீர் அருந்தலாம். காப்பி, தேநீர் கூடா. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், நிரை முடித்து, வெறும் வயிற்றோடு கிளினிக்கிற்கு ஓடி வருவது தவறு. அன்று காலை வேலைக்குப் போகாமல் நேரே வாருங்கள். உணவைக் கையோடு கொண்டு வந்து, இரத்தம் கொடுத்தவுடன் உண்ணுங்கள். ஏற்கனவே மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், அன்று அதனை எப்போது எடுப்பது என்று முதல் நாளே தாதியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உண்ணாமல் மருந்தை மட்டும் எடுத்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.

இனி ஒன்று கூறுவேன். என் தாய்மாமன் பால்மரம் வெட்டியவர். பரிசோதனைக்கு மூன்று நாளுக்கு முன்னரே காப்பிக்குச் சீனி போடமாட்டார், சோற்றையும் குறைப்பார். அன்றைய அளவு சீராக வரும். "டாக்டரை ஏமாற்றிவிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார். பின்னர் அவர் காலில் கட்டை குத்திய புண் ஆறவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சைச் சொல்லிச் சிரித்ததில்லை.

இப்போது மூன்று மாத அளவைக் காட்டும் ஏ1சி என்னும் சோதனை உண்டு. சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள் வாழும். அந்நாள்களில் இரத்தத்தில் மிகும் சர்க்கரை அதில் ஒட்டிக்கொள்ளும். மரத்தின் வெட்டுப் பட்டையைப் பார்த்தே, கடந்த மாதங்களில் வெட்டியவரின் கை எப்படி என்று மண்டோர் சொல்லிவிடுகிறார் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். மூன்று நாள் பத்தியம் இங்கே செல்லாது. இதற்கு வெறும் வயிறும் தேவையில்லை. இரத்தசோகை உடையோர் மட்டும் அதனை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அளவு மாறித் தோன்றக்கூடும்.

வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோல், அல்லது ஏ1சி 6.3 விழுக்காடு, இவற்றை எட்டினால் நீரிழிவு என்பது நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின் கணக்கு. நோய்க்குறி எதுவும் இல்லாதவருக்கு மீண்டும் ஒருமுறை சோதித்த பின்னரே முடிவு கூறுவார்கள்.

வீட்டில் விரலைக் குத்திச் சோதிப்போர், முதலில் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். பழமோ பலகாரமோ தொட்ட கை பொய்யான அளவைக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும். ஊசியைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளுதல் அறவே கூடாது.

தோழர்களே! அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டணத்தில் சிகிச்சை பெறலாம். கணவர் மனைவியை அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள். சோதனைச் சீட்டைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை மறவாது கொண்டு செல்லுங்கள். அளவு கூடியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். உள்ளதை உள்ளபடி மருத்துவரிடம் கூறுங்கள். உங்கள் கண்ணும் காலும் நலமாயிருந்தால்தான் குடும்பம் நலமாயிருக்கும்.