கண்டி ஏரிக்கரையில் ஒரு கலைமண்டபம்

கண்டி மாநகருக்கு வருவோரின் கால்கள் முதலிலே தலதா மாளிகையை நாடுகின்றன. கண்களோ அதனை அடுத்துள்ள ஏரியை நாடுகின்றன. கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைப்பித்த ஏரி அது. அதன் கரையோரமாகச் சங்கராஜ மாவத்தை வழியே சிறிது தூரம் நடந்தால், கண்டியக் கலைச் சங்கத்தின் மண்டபம் எதிர்ப்படும். அச்சங்கம் 1882ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மலைநாட்டுக் கிராமங்களிலே வழிவழியாகத் தொழில் செய்துவந்த கைவினைஞரின் ஆக்கங்களைப் பேணுவதும், அவற்றை விலைப்படுத்தி அவர்களுக்கு ஊதியம் தேடிக்கொடுப்பதும் அதன் நோக்கமாகும்.

மண்டபத்தினுள்ளே பித்தளைத் தட்டங்களும் வெள்ளிப் பேழைகளும் உள்ளன. அரக்கு வேலையமைந்த கைத்தடிகளும், செதுக்கிய மரப்பொருள்களும், வண்ணப் பாய்களும் அடுக்கடுக்காக இருக்கின்றன. வருபவர் ஒரு தட்டத்தைக் கையில் எடுக்கிறார். அதன் நடுவே மலர்ந்திருக்கும் தாமரையையும், அதைச் சூழ்ந்தோடும் கொடியையும் பார்த்து வியக்கிறார். அடுத்த கணம் அவர் வாயிலிருந்து எழும் கேள்வி ஒன்றுதான்: “இதன் விலை என்ன?” விலையைக் கேட்டதும் தட்டம் மீண்டும் தன் இடத்திற்கே போய்விடுகிறது. தெருமுனைக் கடையிலே அதைப் போன்றதொன்று இதனினும் மலிவாகக் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு.

அவர் கேளாமல் விட்ட கேள்விகள் இரண்டு உண்டு. இதைச் செய்த கை யாருடையது? அந்தக் கைக்கு எத்தனை நாள் பிடித்தது? மலைநாட்டுக் கைவினையின் வாழ்வும் தாழ்வும் இவ்விரு கேள்விகளையும் சார்ந்தே நிற்கின்றன.

கண்டியரசு நிலைபெற்றிருந்த காலத்தில் கைவினைஞன் தன் பொருளைச் சந்தையிலே கூவி விற்றவன் அல்லன். அவனுக்கு நிலம் இருந்தது. பொற்கொல்லன், ஓவியன், தச்சன், குயவன், பாய் நெய்பவன் ஆகிய ஒவ்வொருவனும் அரசனுக்கோ, விகாரைக்கோ, தேவாலயத்திற்கோ தன் தொழிலால் ஊழியம் செய்தான். அவ்வூழியத்திற்கு ஈடாக வயலும் தோட்டமும் பெற்றான். சிறந்த கலைஞருக்கு அரசர்கள் பட்டமும் நிலமும் வழங்கிச் சன்னதம் எழுதிக் கொடுத்ததும் உண்டு. வயிற்றுக்கு வயல் இருந்தமையால் வேலையிலே அவசரம் இருக்கவில்லை. ஒரு தந்தத்தைச் செதுக்கச் சில மாதங்கள் ஆயின என்றால், அம்மாதங்களுக்குரிய நெல் அவன் வீட்டிலே இருந்தது.

1815ஆம் ஆண்டிலே கண்டியரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. அரசவை மறைந்தபொழுது அதற்கென்று வேலை செய்த பட்டறைகளும் ஓய்ந்தன. 1832ஆம் ஆண்டிலே இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறை நீக்கப்பட்டது. எளிய மக்களின் முதுகிலிருந்த பாரம் அதனால் இறங்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கைவினைஞனை அரசோடு பிணைத்திருந்த பழைய ஏற்பாடும் அதனுடன் குலைந்தது. விகாரை, தேவாலயக் காணிகளிலே ஊழியமுறை பின்னரும் தொடர்ந்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வூழியத்திற்குப் பதிலாகப் பணம் செலுத்தவும் வழிவகுத்தது. கையால் செலுத்திய கடமை காசால் செலுத்தும் கடமையாகியபோது, தந்தை மகனுக்குத் தொழிலைக் கற்பிக்கவேண்டிய காரணங்களுள் ஒன்று குறைந்துபோயிற்று. கப்பலில் வந்திறங்கிய மலிவுப் பொருள்கள் எஞ்சிய வாய்ப்பையும் சுருக்கின. கண்டியக் கலைச் சங்கம் தோன்றியது இந்தச் சூழ்நிலையிலேதான். நிலத்தால் வாழ்ந்த கலை, இனி விலையால் வாழவேண்டிய கலையாயிற்று.

அந்த மண்டபத்திலே தொங்கும் ஒரு வண்ணப் பாயை எடுத்துக்கொள்வோம். தும்பறைப் பாய் என்று அதற்குப் பெயர். கண்டிக்குக் கிழக்கேயுள்ள தும்பறைப் பள்ளத்தாக்கிலே, மெனிக்ஹின்னைக்கு அண்மையிலுள்ள கலாசிறிகம முதலிய ஊர்களில் அது நெய்யப்படுகிறது. நியந்த, ஹன என்று சிங்களத்தில் வழங்கும் செடிகளின் நாரே அதற்கு மூலப்பொருள். மரல், கற்றாழை போன்ற தடித்த இலைகளையுடைய செடிகள் அவை. இலையை மரக்கட்டையின்மேல் வைத்துச் சதைப்பற்று நீங்கும்வரை சுரண்டுவார்கள். வெளிவரும் வெண்ணாரைக் கழுவிக் காயவைத்துச் சீவிப் பிரிப்பார்கள். பதிமுக மரத்தைக் காய்ச்சிச் சிவப்புச் சாயமும், மரமஞ்சளைக் காய்ச்சி மஞ்சட் சாயமும் எடுப்பார்கள். கடுக்காய், தான்றிக்காய் முதலியன கறுப்புச் சாயத்திற்கு உதவும். இவ்வளவும் முடிந்த பின்னரே தறியில் கைவைக்க இயலும்.

தறி நிலத்தோடு நிலமாகத் தாழ அமைந்தது. நெய்பவர் அதன்முன் அமர்ந்து, மெல்லிய கோல்களால் இழைகளை எண்ணி உயர்த்தி, ஒவ்வொரு நாராகக் கோத்துச் செல்வார். யானையும் மானும், பறவையும் பாம்பும், பூவும் மரமும் அப்பாயிலே தோன்றும். ஆனால் அவற்றில் வளைகோடு இராது. நேராக ஓடும் நாரிலே வளைவு எழுதல் அரிது. ஆகவே, யானையின் துதிக்கைகூடப் படிப்படியாக இறங்கும் கோட்டாலேயே அமையும். கருவியின் எல்லையையே அழகாக மாற்றிக்கொண்ட கைகளின் திறம் அது. வரைந்த மாதிரி ஏதும் கண்முன் வேண்டியதில்லை. எண்ணிக்கை நினைவிலே இருக்கும்.

இப்பாய்கள் மன்னரின் மாளிகையை அணிசெய்தன. அவற்றை நெய்தோருக்கு வாய்த்த மதிப்போ வேறு. கின்னரர் எனப்பட்ட அச்சமூகத்தாரைப் பழைய சாதிமுறை தாழ்த்தி ஒதுக்கிவைத்தது. 1660ஆம் ஆண்டிலிருந்து 1679ஆம் ஆண்டுவரை கண்டி நாட்டிலே சிறைப்பட்டிருந்த றொபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியான தம் நூலிலே, அழகிய பாய் செய்யும் இம்மக்களைக் குறிப்பிடுகிறார். அவர்களுடைய ஆடவர் தலையில் எதனையும் அணிதலாகாது என்றிருந்த தடையையும் அவர் எழுதிவைத்துள்ளார். நெய்த பாய்க்கு அரண்மனையிலே இடம். நெய்தவன் தலைக்கு ஒரு துணித்துண்டு அணியவும் உரிமையில்லை. பொருளைப் போற்றிக் கையை இகழ்ந்த காலம் அது. இன்று அத்தடை இல்லை. ஆயினும், பொருளை வியந்து கையை மறக்கும் பழக்கம் முற்றும் நீங்கியதா என்பதை அந்த மண்டபத்திற்குச் செல்வோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

பாய்க்கு அருகே அரக்குப் பூசிய கைத்தடிகள் நிற்கின்றன. மாத்தளை மாவட்டத்துப் பல்லேஹபுவித என்னும் ஊர் இவ்வேலைக்குப் பெயர்பெற்றது. அரக்கைத் தூய்மைசெய்து, சாதிலிங்கத்தால் சிவப்பும், அரிதாரத்தால் மஞ்சளும் ஏற்றுவார்கள். பின்னர் அதனைத் தணலிலே காட்டி இளக்கி, நூல்போல மெல்லிதாக இழுப்பார்கள். சூடேற்றிய மரத்தின்மேல் அவ்வரக்கு நூலை ஒட்டிக்கொண்டே போய், வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்தால் அறுத்துவிடுவார்கள். இதனால் ‘நியபொத்து வேலை’, அதாவது நகவேலை, என்று அது பெயர்பெற்றது. இறுதியிலே ஓலைத்துண்டால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இவ்வேலைக்குத் தூரிகை இல்லை, எழுத்தாணியும் இல்லை. வளர்த்த நகம் ஒன்றே கருவி. ஏட்டுச் சுவடிகளின் சட்டங்கள், ஈட்டிக் காம்புகள், கொடிக்கோல்கள் ஆகியன முற்காலத்தில் இவ்வாறு அணிசெய்யப்பட்டன. இன்று பெரும்பாலும் கைத்தடிகளும் சிறு பேழைகளுமே செய்யப்படுகின்றன. வாங்குவோர் விரும்புவன அவையே.

கண்டிக்கு அண்மையிலுள்ள நத்தரம்பொத்தை என்னும் ஊரின் கைவினைஞர் வெள்ளியிலும் பித்தளையிலும் வேலை செய்வர். குங்கிலியப் பசைமேல் தகட்டைப் பதித்து, சிற்றுளியாலும் சுத்தியலாலும் தட்டித்தட்டி உருவை எழுப்புவது அவர்களுடைய முறைகளுள் ஒன்று. அடி ஓங்கினால் தகடு கிழியும். தளர்ந்தால் உரு எழாது. பொறியிலே அழுத்திய தட்டில் எல்லாக் கோடும் ஒரே ஆழமாக இருக்கும். கையால் தட்டியதிலோ ஓரிடத்துக் கோடு ஆழ்ந்தும் மற்றோரிடத்து மெலிந்தும் செல்லும். தட்டத்தைத் திருப்பிப் பின்புறத்தைத் தடவிப் பார்த்தால், உளி நடந்த வழி விரலுக்குத் தெரியும். தெருமுனைக் கடையின் மலிவான தட்டத்தில் இந்த வழி இராது.

இக்கலைகளின் வரலாற்றிலே தமிழருக்கும் பங்குண்டு. கண்டிக்கு மேற்கேயுள்ள கடலாதெனிய விகாரை 1344ஆம் ஆண்டிலே எழுந்தது. அதனைக் கட்டிய சிற்பாசாரியர் கணேசுவராசாரி என்பதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அவ்விகாரையின் அமைப்பிலே தென்னிந்தியக் கோயிற் சிற்பமரபு வெளிப்படையாகத் தெரிகிறது. அதே ஆண்டைச் சேர்ந்த இலங்காதிலக விகாரையின் பாறையிலே சிங்களக் கல்வெட்டும் தமிழ்க் கல்வெட்டும் அருகருகே பொறிக்கப்பட்டுள்ளன. உளி பிடித்த கைகளுக்கிடையே மொழி வேலியாக நின்றதில்லை என்பதற்கு இப்பாறையே சான்று.

ஏறத்தாழ ஐந்நூற்றறுபது ஆண்டுகள் கழித்து, இக்கலைகள் நலிந்திருந்த வேளையில் அவற்றின் பெருமையை உலகறியச் செய்தவரும் ஒரு தமிழ்க்குடி மைந்தரே. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டுவரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகப் பணியாற்றினார். கற்களைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்குச் சென்றவர், அங்கே கலைஞரைக் கண்டார். அவர்களுடைய குடில்களிலே அமர்ந்து, தொழில் முறைகளையும், கருவிகளின் பெயர்களையும், குலமரபையும் கேட்டறிந்தார்; அவர்களுடைய முன்னோர் பெற்ற சன்னதங்களையும் ஆராய்ந்தார். அவருடைய துணைவியார் எதெல் ஒளிப்படங்கள் எடுத்துதவினார். இவற்றின் பயனாக இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலே 425 படிகள் மட்டும் அச்சிடப்பட்ட அந்நூலும் ஒரு கைவினைப் பொருளே. இன்றும் மலைநாட்டுக் கலைகளை ஆராய்வோர் முதலிலே நாடுவது அதனையே. அந்நூலின் சிறப்பு யாது? பொருளின் அழகை எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. செய்தவர் யார், எப்படி வாழ்ந்தார், எப்படிக் கற்றார் என்பனவற்றையும் எழுதினார். வாங்குவோர் கேளாமல் விட்ட கேள்விகளைக் கேட்டவர் அவர்.

பிற்காலத்தில் அரசும் கைவினைஞருக்குத் துணைநிற்க முற்பட்டது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய அருங்கலைகள் பேரவை நிறுவப்பட்டது. தும்பறைப் பாய் நெய்யும் தொழில் 2021ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனத்தின் மானிட மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஒருகாலத்தில் தலைமறைக்கவும் உரிமையற்றிருந்தோரின் கைத்திறன் உலகமன்றத்திலே பெருமை பெற்றமை மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பட்டியலிலே பெயர் ஏறியதனால் தறியிலே பிள்ளைகள் வந்து அமர்ந்துவிடுவதில்லை. ஹனச் செடி முன்போல் எளிதிற் கிடைப்பதில்லை. நாள்முழுதும் குனிந்திருந்து நெய்யும் தாய், தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பி வேறு தொழிலில் அமர்த்த விரும்பினால் அவளைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு? கலை அழியக்கூடாது என்று சொல்பவர், கலைஞன் வறுமையில் வாழவேண்டும் என்று சொல்லலாகாது.

இவ்விடத்திலேதான் ஏரிக்கரை மண்டபம் போன்ற நிலையங்களின் பொறுப்பு தெளிவாகிறது. பழைய கலைஞன் தன் பெயரைப் பொருளிலே பொறிக்கவில்லை என்பது மெய்யே. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. வேலை கொடுத்தவர் அவனை அறிவார், ஊர் அறியும். இன்று வாங்குபவர் கடல்கடந்து வருகிறார். அல்லது கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒருநாட் பயணமாக வருகிறார். செய்தவனும் வாங்குபவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. இடையிலே இருப்பது ஒரு விலைச்சீட்டு. அச்சீட்டிலே இலக்கத்தோடு ஊரின் பெயரும், செய்தவரின் பெயரும், வேலைக்குச் சென்ற நாட்களின் தொகையும் எழுதப்பட்டால், அதிகமென்று தோன்றிய விலை நியாயமென்று தோன்றும். பத்து நாள் உழைப்புக்கு இவ்வளவுதானா என்று வாங்குபவரே வெட்கப்படவும் கூடும். செய்பவர் மண்டபத்திலேயே அமர்ந்து செய்துகாட்டினால் அதனினும் நன்று. நகம் அரக்கை அறுக்கும் கணத்தைக் கண்ணாற் கண்டவர் தெருமுனைத் தட்டத்தோடு அதனை ஒப்பிடமாட்டார்.

நேயர்களுள் எவரேனும் அடுத்தமுறை கண்டிக்குச் சென்றால், தலதா மாளிகையை வணங்கிய பின்னர் ஏரிக்கரை மண்டபத்திற்கும் செல்வாராக. ஒரு பாயையோ தட்டத்தையோ கையில் எடுத்து, அதன் பின்புறத்தைத் தடவிப் பார்ப்பாராக. “விலை என்ன?” என்று கேட்பதற்கு முன்னர், “இது எந்த ஊர்? யார் செய்தது?” என்று கேட்பாராக. விற்பவருக்கு விடை தெரிந்தால் நன்று. தெரியாவிட்டால், அடுத்தவர் கேட்கும்போதாவது தெரிந்திருக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றும். அக்கேள்வி மண்டபத்திலிருந்து தும்பறைக்கும் மாத்தளைக்கும் நத்தரம்பொத்தைக்கும் போய்ச்சேரும் நாளிலே, பொருளுக்குக் கிடைத்த மதிப்பு அதைச் செய்த கைக்கும் கிடைக்கத் தொடங்கும்.