தராசையும் நிறுத்துப் பார்ப்போம்!

(இளைஞர் படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மாநாடு என்றதும் உங்கள் மனக்கண் முன் எழுவது பந்தல், பறக்கும் கொடி, பல்லாயிரவர் அணிவகுத்து வரும் ஊர்வலம். இன்று நான் பேச வந்திருப்பது வேறொரு மாநாடு பற்றி. அங்கே கொடியில்லை, முழக்கமில்லை. கணினி அறிவியலார் கூடும் ஆய்வு மாநாடு அது. "கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு, நாடகம் எழுதப் போனவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்பீர்கள். அங்கே ஒரு நீதி வழக்கு நடக்கிறது, தோழர்களே! அந்த வழக்கு நம்மையும் தொடும். அதனால் வந்தேன்.

மற்ற அறிவியல் துறைகளில் ஆய்வாளர் தம் முடிவுகளைப் பெரும்பாலும் ஆய்விதழ்களிலே வெளியிடுவர். கணினித் துறையிலோ, மாநாடே மணிமகுடம்! குறித்த நாளுக்குள், குறித்த பக்க அளவுக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும். மூவரோ நால்வரோ அதைப் படித்து மதிப்பிடுவர். பிறகு வரும் தீர்ப்பு — ஏற்பு அல்லது மறுப்பு. அந்த ஒரு சொல்லுக்காகப் பட்டம் காத்திருக்கும், பதவி காத்திருக்கும், மகன் எழுதியது இன்னதென்று அறியாமலே, அவனுக்கு வேலை வருமா என்று ஏங்கும் தாயும் காத்திருப்பாள்.

அத்தனை பேர் வாழ்வை நிறுக்கும் தராசு, நேர்மையான தராசுதானா?

2017-ஆம் ஆண்டு, இணையத் தேடலையும் தரவு அகழ்வையும் ஆயும் 'விஸ்டம்' என்னும் மாநாட்டினர் இதைச் சோதித்தனர். வந்தவை ஏறத்தாழ 500 கட்டுரைகள். ஒவ்வொன்றும் நால்வர் கையிலே தரப்பட்டது. இருவருக்கு எழுதியவர் பெயர் தெரியும்; இருவருக்குத் தெரியாது. விளைவு என்ன? பெயர் அறிந்தோர், புகழ் பெற்றவர் கட்டுரைகளுக்கும், முன்னணிப் பல்கலைக்கழகங்கள், பெருநிறுவனங்கள் ஆகியவற்றின் கட்டுரைகளுக்கும் கூடுதலாகப் பரிந்துரை வழங்கினர். அதே கட்டுரை! அதே எழுத்து! முகவரி தெரிந்ததும் எடை கூடிற்று!

பெயரை மறைத்துவிட்டால் போதுமா? போதாது! நியூரிப்ஸ் என இன்று வழங்கும் மாநாடு, 2014-ஆம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரில் கூடியது. பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடு அது. அவ்வாண்டு 166 கட்டுரைகளை, ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தனர். 43 கட்டுரைகளுக்குத் தீர்ப்பு மாறுபட்டது! ஒரு குழு ஏற்றவற்றில் ஏறத்தாழப் பாதியை மற்றக் குழு மறுத்தது. 2021-ஆம் ஆண்டு மீண்டும் சோதித்தனர். நிலை பெரிதும் மாறவில்லை.

தராசு பிழைத்தால் என்ன ஆகும்? 1991-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள், அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் மீயுரை பற்றிய மாநாடு நடந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் கட்டுரை அனுப்பினார். மறுத்துவிட்டனர்! செய்து காட்ட மட்டும் இடம் தந்தனர். அவர் செய்து காட்டியது எது தெரியுமா? உலகளாவிய வலை! இன்று உலகமே உலவும் அதே வலை! அவர் சோர்ந்து ஊர் திரும்பி, பெட்டியைப் பூட்டி வைத்தாரா? இல்லை. வலையை மேலும் வளர்த்தார்.

எனினும், அந்த அறிஞர்களை ஏளனம் செய்ய நான் வரவில்லை. "எங்கள் தீர்ப்பிலே தடுமாற்றம் உண்டு, இதோ கணக்கு" என்று ஊரறியச் சொன்னார்களே, அந்தத் துணிவைப் போற்றுகிறேன். அந்தத் துணிவு நமக்கு உண்டா?

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், என் முதல் நாடகத்தை ஒரு குழுவினரிடம் கொடுத்தேன். "பட்டம் உண்டா?" என்று கேட்டனர். இல்லை என்றேன். படிக்காமலே திருப்பித் தந்தனர். அன்று கொதித்தேன். சென்ற ஆண்டு, நம் மாவட்ட நாடகப் போட்டிக்கு நானே நடுவர். கட்டின் முதல் தாளைப் புரட்டினேன். என் கண் முதலில் தேடியது எதை? கதையையா? இல்லை, தோழர்களே, பெயரை! அறிந்த பெயரைக் கண்டபோது ஆவலோடு படித்தேன்; அறியாத பெயரைக் கண்டபோது அலுப்போடு புரட்டினேன். எனக்கு இழைக்கப்பட்ட அநீதியை நானே இன்னொருவனுக்கு இழைத்தேன். அவன் யாரென்று கூட எனக்கு நினைவில்லை. அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

ஆகவே, அடுத்த போட்டிக்கு ஒரு முறை வகுப்போம். பெயர்த்தாளை அகற்றித் தனி உறையிலிட்டு ஒட்டுவோம். நாடகங்களை இரு குழுவினரிடம் கொடுப்போம். தீர்ப்பு மாறுபட்டால், மறைக்காமல் மன்றத்திலே சொல்வோம்.

ஆய்வுக் கட்டுரை எழுதும் இளைஞர்களே! மறுப்புக் கடிதம் வந்தால், குறை கூறியவர் சொன்னதை ஊன்றிப் படியுங்கள். உண்மை இருப்பின் திருத்துங்கள். அடுத்த மாநாட்டுக்கு அனுப்புங்கள். ஒரு தராசின் முள் சாய்ந்ததால் உங்கள் எடை குறைந்துவிடாது. நாளை தராசு உங்கள் கைக்கு வரும். அன்று, பிறரை நிறுக்கும் முன், அந்தத் தராசை நிறுத்துப் பாருங்கள்!