வக்கீல் தொழிலும் மனிதனின் அந்தரங்கமும்



வக்கீல் தொழிலைப் பற்றி நம் ஜனங்களுக்குள்ள அபிப்பிராயம் இன்னதென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. வியாஜ்யத்தில் தோற்றவனும் அழுகிறான், ஜெயித்தவனும் அழுகிறான், வக்கீல் வீடு மாத்திரம் மாடி ஏறுகின்றது என்பதுதான் அது. ஆனால் அதே சட்டப் படிப்பைக் கொண்டு ஒரு தனி மனிதன் உலகத்தின் மகா பெரிய கம்பெனிகளையும், இரண்டு கண்டத்து அதிகாரிகள் செய்து கொண்ட ஏற்பாட்டையும் கோர்ட்டில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடும் என்பதை எடுத்துக்காட்டவே இன்று நாம் பேச வந்தோம்.

ஆஸ்திரியா தேசத்தில் 1987-ல் பிறந்தவர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்பவர். சட்ட மாணவராக இருந்த இவர் 2011-ல் சில மாதம் அமெரிக்காவில் படித்தார். அங்கு பேஸ்புக் கம்பெனியின் வக்கீல் ஒருவர் வகுப்புக்கு வந்து பேசினார். ஐரோப்பியச் சட்டத்தை அவர்கள் எவ்வளவு அலட்சியமாக எண்ணுகிறார்கள் என்பது அப்பேச்சில் இவருக்கு விளங்கிற்று. ஊர் திரும்பியதும் இவர் செய்ததெல்லாம் ஒரே காரியந்தான். “என்னைப் பற்றி நீங்கள் வைத்திருப்பதையெல்லாம் எனக்குக் காட்டுங்கள்” என்று கம்பெனிக்கு எழுதினார். அப்படிக் கேட்க ஐரோப்பாவில் எவருக்கும் சட்டப்படி பாத்தியதை உண்டு. வந்தது என்ன தெரியுமா? சுமார் 1,200 பக்கம்! தாம் அழித்துவிட்டதாக எண்ணியிருந்த கடிதங்கள்கூட அதில் இருந்தன.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். இருபத்து மூன்று வயது வாலிபன் ஒருவனைப் பற்றி 1,200 பக்கம் என்றால், வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் எத்தனை பக்கம் இருக்கும்? நம்மை அவ்வளவு தெரிந்து வைத்திருப்பவனைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

கம்பெனியின் ஐரோப்பியத் தலைமை ஆபீஸ் அயர்லாந்தில் இருந்ததால் அங்குள்ள அதிகாரியிடம் இவர் 22 புகார்கள் கொடுத்தார். 2013-ல், அமெரிக்க சர்க்கார் பிற தேசத்தாரின் கடிதப் போக்குவரத்தை ஒற்றுப் பார்க்கிறது என்பதை ஸ்னோடென் என்பவர் வெளியிட்டார். உடனே, ஐரோப்பியர் விவரங்களை அமெரிக்காவுக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று இவர் கேட்டார். அதிகாரி விசாரிக்கவே மறுத்தார். இவர் விடவில்லை. வழக்கு அயர்லாந்து ஹைகோர்ட்டு ஏறி, லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2000-ம் ஆண்டு முதல் அமுலில் இருந்த அந்த ஏற்பாடு செல்லாது என்று 6-10-2015-ல் தீர்ப்பாயிற்று. 2016-ல் பெயரை மாற்றி இன்னொன்று செய்தார்கள். 16-7-2020-ல் அதுவும் ஒழிந்தது. அதே விவரம் அனுப்பும் விஷயத்தில் 2023 மே மாதம் அக்கம்பெனிக்கு 120 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் மூன்றாவது ஏற்பாடும் வந்து சேர்ந்தது! ஆகவே ஒரு தரம் ஜெயித்தால் போதும் என்று தூங்கிவிட முடியாது.

இதையறிந்தே 2017-ல் அவர் வியன்னாவில் ஒரு சங்கம் தொடங்கினார். “உனக்கு இதில் என்ன ஜோலி?” என்று கேட்பதுதான் அச்சங்கப் பெயரின் கருத்து. ஐரோப்பாவின் புதுச் சட்டம் 25-5-2018-ல் அமுலுக்கு வந்த அன்றே கூகிள், பேஸ்புக் முதலியவைகளின் மீது புகார் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் பிரெஞ்சு அதிகாரிகள் கூகிளுக்கு 5 கோடி யூரோ அபராதம் போட்டார்கள்.

“நாமேதானே சம்மதம் கொடுத்தோம், இப்போது அழுவானேன்?” என்று சிலர் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனிடம் புரோநோட்டை நீட்டி, “இங்கே கைநாட்டு வை” என்றானே லேவாதேவிக்காரன், அதற்குப் பெயரும் சம்மதந்தானா? நூறு பக்க நிபந்தனையைக் காட்டி, “ஒப்புக்கொள், இல்லாவிட்டால் வெளியே போ” என்பதும் அந்தக் கைநாட்டேயாகும். அன்று படிக்கத் தெரியாதவன் ஏமாந்தான். இன்று பட்டம் பெற்றவனும் படிக்காமலே விரலை வைக்கிறான்.

“என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?” என்பார் வேறு சிலர். குடிசைக்கும் கதவு வைக்கிறோமே, உள்ளே இருப்பவர் திருடர் என்றா? வேலை கொடுத்த முதலாளிக்கு விரோதமாகச் சங்கம் கூட்டும் தொழிலாளி, ஜாதி மீறி மணம் செய்து கொள்ள நினைக்கும் பெண், வியாதியை வெளியில் சொல்லப் பயப்படும் ஏழை ஆகிய இவர்களுக்கெல்லாம் கதவு வேண்டாமா? பிறர் கண் எந்நேரமும் தன்மேல் இருக்கிறதென்று அஞ்சுகிறவனுக்குச் சுயமரியாதை எங்கிருந்து வரும்?

நம் நாட்டிலும் 2012-ல், எண்பது வயது தாண்டிய ஓய்வு பெற்ற நீதிபதி புட்டஸ்வாமி அவர்கள் ஆதார் விஷயமாக வழக்குத் தொடுத்ததன் பலனாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 24-8-2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் சட்டமும் செய்யப்பட்டது. ஆனால் அதில் சர்க்கார் தன் இலாகாக்களுக்கே விலக்கு அளித்துக் கொள்ள இடம் வைத்துக் கொண்டிருக்கிறது. காவல்காரனுக்குக் காவல் வேண்டாம் என்பதுபோல் அல்லவா இருக்கின்றது இது?

ஆகையால் தோழர்களே! சட்டம் புஸ்தகத்தில் இருப்பதால் மாத்திரம் பயனில்லை, கேட்கிறவன் வேண்டும். ஷ்ரெம்ஸ் முதலில் செய்தது ஒரு கடிதம் எழுதியதுதான். நம் வாலிபர்களும் பெண்களும் சட்டம் படித்து இத்துறையில் இறங்க வேண்டும் என்றும், மற்றவர்கள் எந்தச் சம்மதத்துக்கும் விரலை வைக்குமுன், “இது உனக்கு எதற்கு?” என்று ஒரு தரமாவது கேட்கப் பழக வேண்டும் என்றும் கேட்டுக் கொண்டு நாம் முடித்துக் கொள்ளுகிறோம்.