பத்துப் புளியங்கொட்டை

(மேல்பட்டாம்பாக்கத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"எந்த வேலைக்குப் போவது, எதை விடுவது" என்று பேசச் சொன்னார்கள். படித்தவர்கள் பேச வேண்டிய விஷயம். நான் எட்டாவது வரைதான். ஆனால் மூன்று வேலை மாறியவள். அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

நம்ம பக்கத்தில் வேலை என்றாலே நெய்வேலிதான் நினைவுக்கு வரும். 1956-ல் நிலக்கரி நிறுவனம் வந்த நாளிலிருந்து, வேலை என்றால் "நிரந்தரமா?" என்பதுதான் முதல் கேள்வி. மாப்பிள்ளை பார்க்கும்போதும் அதே கேள்வி. என் வீட்டுக்காரர் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. அந்தக் கேள்வியின் வலி எங்களுக்குத் தெரியும். நிரந்தரம் நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரே படியை வைத்து எல்லா வேலையையும் அளந்து பழகிவிட்டோம். பெண்கள் என்றால் அந்தக் கேள்விகூட இல்லை. "கிடைச்ச வேலைக்குப் போ"ன்னு முடித்துவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனேன். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் விரலெல்லாம் கறுத்துவிடும். மகள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோது, போட்டுவிட்டுக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அப்புறம் கடலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நானும் என் குழுத் தோழி ஒருத்தியும் ஒரே நாளில் சேர்ந்தோம். காலை ஆறு மணிக்கு வேன் வரும். வீடு திரும்ப ராத்திரி எட்டு ஆகும். மாசம் பிறந்தால் சம்பளம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. யாரும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எனக்கு நெஞ்சு கனக்கும். ஏன் என்று சொல்லத் தெரியாது. மாமியார் பக்கவாதம் வந்து படுத்திருந்தார்கள். பத்தாவது படிக்கிற மகள்தான் காலையில் ஆயாவுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவாள்.

அந்தச் சமயத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் எங்கள் ஊக்குநர் அக்கா ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்தார்கள். தரையில் சாக்பீஸால் ஏழு கட்டம் போட்டார்கள். கை நிறையக் காசு, மாசம் தவறாத காசு, வயசான காலத்துக்குப் பாதுகாப்பு, வீட்டுக்குப் பக்கம், உடம்பு தாங்குறது, மரியாதை, முடிவு நம்ம கையில் இருப்பது. இவைதான் ஏழு.

"ஒரு வேலைகிட்ட உனக்கு என்ன வேணுமோ அதுல போடு. பக்கத்துல இருக்கறவளைப் பார்த்துப் போடாதே. எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு போட்டு ஏமாத்தாதே. எதை விட்டுக்கொடுப்ப, எதை விட மாட்ட, அதான் கணக்கு" என்றார்கள்.

காசில்தான் நிறையப் போடுவேன் என்று நினைத்தேன். போட்டு முடித்துப் பார்த்தால் வீட்டுக்குப் பக்கம் நாலு, முடிவு நம்ம கையில் மூணு, மரியாதை ரெண்டு, கை நிறையக் காசு ஒண்ணு. அடுத்து, "இப்ப பார்க்கிற வேலை எதையெல்லாம் தரலையோ அந்தக் கட்டத்துக் கொட்டையை எடுத்துடு" என்றார்கள். எடுத்தேன். ஏழு கொட்டை என் கைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு கனத்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

என் தோழி போட்டது வேறு. மாசம் தவறாத காசு நாலு, வயசான காலம் நாலு, மரியாதை ரெண்டு. அதே கம்பெனி, அதே வேன். அவளுக்கு ஒரு கொட்டைகூட எடுக்க வேண்டி வரவில்லை.

நான் வேலையை விட்டேன். குழுக் கடன் வாங்கி கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கத் தொடங்கினேன். அவள் வேலையில் தொடர்ந்தாள். அதோடு நின்றிருந்தால் நல்லது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பிள்ளைங்களை விட்டுட்டு எப்படிடி உனக்கு வேன் ஏற மனசு வருது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கணவரை இழந்தவள். "உனக்கு வீட்டுக்காரர் சம்பளம் இருக்கு, விட்டுட்டு வந்துட்ட. எனக்கு யார் இருக்கா?" என்றாள். மூன்று மாசம் என்னோடு பேசவில்லை.

அவள் கேட்டது நியாயம். முதல் வருஷம் மாவுக் கடையில் கம்பெனிச் சம்பளத்தைவிட மாசம் மூவாயிரம் குறைவாகத்தான் நின்றது. அதைத் தாங்கியது வீட்டுக்காரர் கூலியும், குழுவில் இருந்த என் சேமிப்பும்தான். நமக்கு எது வேண்டும் என்று தெரிந்தால் மட்டும் போதாது. "இந்த வேலை வேண்டாம்" என்று சொல்லக் கையில் கொஞ்சம் காசும் இருக்க வேண்டும். வாராவாரம் நாம் கட்டுகிற சேமிப்பு அதற்கும்தான்.

இன்னொன்று. ஒரு வேலையை விடும்போது அதில் இருந்த நல்லதையும் விடுகிறோம். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷச் சேவை வேண்டும். இருந்தால் 58 வயதில் மாசாமாசம் வரும். தோழிக்கு ஆறு வருஷம் முடிந்துவிட்டது. எனக்கு அது போயிற்று. அதற்கு ஈடாகத்தான் வங்கியில் அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்ந்தேன். 18 முதல் 40 வயது வரைதான் சேரலாம். எனக்கு அப்போது 38. இன்னும் ரெண்டு வருஷம் அசந்திருந்தால் அதுவும் இல்லை.

வேண்டியது கிடைக்கவில்லை என்றால் வேலையை விடுவது ஒன்றுதான் வழியா? இல்லீங்க. கேட்டும் வாங்கலாம். கேரளாவில் கோழிக்கோட்டில் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களைச் சேர்த்துப் போராடினார் விஜி என்ற தையல் தொழிலாளி. முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்கார நாற்காலி கேட்டார்கள். 2018-ல் கேரளாவில் சட்டம் வந்தது. 2021-ல் நம்ம தமிழ்நாட்டிலும் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. பண்ருட்டி, கடலூர்க் கடைகளில் நிற்கிற நம்ம பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். கடன் மனு வந்தால் "என்ன தொழில்" என்று கேட்கிறோம். அதற்கு முன்னால் அந்தப் பெண் பத்துக் கொட்டையை எங்கே போடுகிறாள் என்று கேளுங்கள். எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் தையல் மெஷின் துணி மூடிக் கிடக்கிறது. மெஷின் மேல் குற்றம் இல்லை, அவர்கள் மேலும் இல்லை. பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்கியது.

ஒரு தடவை போட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். இப்போது மாமியார் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள், ஃபீஸ் கட்ட வேண்டும். போன மாசம் மறுபடி போட்டுப் பார்த்தேன். வீட்டுக்குப் பக்கம் என்பதில் இருந்த நாலு ஒன்றாகிவிட்டது. கை நிறையக் காசு நாலாகிவிட்டது. ஓட்டல்களுக்கு மாவு கொடுக்க நெல்லிக்குப்பம் வரை போகத் தொடங்கியிருக்கிறேன்.

என் தோழி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் பேசிக்கொள்கிறோம், ஆனால் அன்றைக்குக் கேட்டதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்கள் எல்லார் முன்னாலும் இப்போது கேட்டுக்கொள்கிறேன். அவள் எண்ணிப் போட்ட கொட்டையைப் பார்த்துக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.