வாளிக்கு முதலில் வழி விடுங்கள்

தீபாவளி நெருங்க நெருங்க எங்கள் கிள்ளான் பட்டறைக்கு ஒரே மாதிரி போன் வரும். "அண்ணே, பத்துப் பேர் உட்காருகிற மாதிரி ஒரு சாப்பாட்டு மேசை வேணும். மேலே பளிங்குக் கல் போட்டது." சாப்பிடுகிற இடம் எத்தனை அடி என்று கேட்டால் தெரியாது. மேசை உள்ளே போக வேண்டிய வாசல் எத்தனை அடி, அதுவும் தெரியாது. நிறம் மட்டும் தெரியும். அதைக் கைப்பேசியில் பார்த்து எடுத்து வைத்திருப்பார்கள்.

ஆளுக்கு இரண்டடி அகலம், மேசை உயரம் முப்பது அங்குலம். இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். ஆறடி மேசை என்றால் பக்கத்துக்கு மூன்று பேர், எட்டடி என்றால் நான்கு பேர். கணக்கில் தவறு இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஆள் விடுபட்டிருக்கிறார். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறாரே, அவர்.

பிரிக்பீல்ட்ஸில் மதியம் ஒரு மணிக்கு ஏதாவது ஒரு வாழையிலைக் கடை வாசலில் நின்று பாருங்கள். சாப்பாட்டைப் பார்க்காதீர்கள், நடக்கிறவர்களைப் பாருங்கள். ஒருவர் சோற்றோடு போகிறார், பின்னால் ஒருவர் மூன்று குழம்போடு போகிறார், எதிரே ஒருவர் கை கழுவ எழுந்து வருகிறார். யாரும் யாரையும் இடிப்பதில்லை. அந்த வழியை விட்ட பிறகு மிச்சம் இருந்த இடத்தில்தான் மேசை போட்டிருக்கிறார்கள். முதலில் வழி, அப்புறம் மேசை.

கல்யாண மண்டபத்துப் பந்தியும் இதே சங்கதிதான். அங்கே மேசை ஒல்லியாக, இரண்டடி, இரண்டரை அடிதான் இருக்கும். ஏன்? பந்தியில் ஆட்கள் ஒரு பக்கம் மட்டும் உட்காருகிறார்கள், பரிமாறுகிறவர் எதிர்ப்பக்கம் நடக்கிறார். அவர் கை எட்டி இலையில் வைக்க வேண்டும். மேசை மூன்றரை அடி அகலமாக இருந்தால் ரசம் இலைக்குப் போகாது, மடிக்குப் போகும்.

வீட்டில் அப்படி இல்லை. எதிரெதிரே உட்காருகிறோம், பரிமாறுகிறவர் முதுகுக்குப் பின்னால் நடக்கிறார். இப்போது கணக்கைக் கேளுங்கள். மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை மூன்றடி இருந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிடலாம். உட்கார்ந்திருக்கிறவருக்குப் பின்னால் ஒருவர் வாளியோடு நடக்க மூன்றே முக்கால் அடி வேண்டும். நம் தாமான்களில் இருபதடி அகல வரிசை வீடுகளில், மாடிப்படி போக, சாப்பிடுகிற இடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி இருந்தால் நல்ல இடம். அதில் ஒரு பக்கம் வாளி போகவும் மற்றப் பக்கங்களில் எழுந்திருக்கவும் வழியை விட்டுப் பார்த்தால் மேசைக்கு மிஞ்சுவது ஆறடிக்கு மூன்றடி. ஆறு பேர் உட்காரலாம். இரு முனையிலும் ஒருவரைப் போட்டால் எட்டு. பத்துப் பேர் மேசை அங்கே இல்லவே இல்லை, எந்தக் கடைக்காரர் சொன்னாலும் சரி.

நான் போன ஒரு வீட்டில் அந்த அளவு இடத்தில் எட்டடி மேசை போட்டிருந்தார்கள். அழகான மேசைதான். திறந்த இல்ல உபசரிப்பு நாள். சுவர்ப்பக்கம் நடுவில் உட்கார்ந்திருந்த தாத்தா சாப்பிட்டு முடித்து, கை காயக் காய, வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அவர் எழ வேண்டுமானால் பாதிச் சாப்பாட்டில் இருக்கும் இரண்டு பேர் எழ வேண்டும். பாயசம் தலைக்கு மேலே கைமாறி வந்தது. கையால் சாப்பிடுகிறவர்கள் நாம். சாப்பிட்ட ஒவ்வொருவரும் எழுந்து குழாய்க்குப் போயே ஆக வேண்டும். காகிதத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு அப்படியே பேசிக்கொண்டிருக்கிற ஊர்க்காரர்களின் மேசை அளவு நமக்குச் சரிவராது.

வட்ட மேசை வைக்கலாமா என்று கேட்பார்கள். ஆறடி வட்டத்தில் பத்துப் பேர் உட்காரலாம், சீனர் விருந்தில் பார்க்கிறோம். அது அவர்கள் சாப்பாட்டுக்கு அமைந்த மேசை. கறிகள் நடுவில் இருக்கும், சுழல்தட்டு சுற்றும், பரிமாறுகிறவர் ஒரே இடத்தில் நின்று தட்டை வைத்துவிட்டுப் போவார். ஒரு செய்தி சொல்கிறேன். பினாங்கில் 1879இல் பிறந்த டாக்டர் வூ லியன் தே, 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை எதிர்த்து நின்றவர், பிற்பாடு சீனர் சாப்பாட்டு மேசைக்குச் சுழல்தட்டை வற்புறுத்தினார். எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குச்சியை விட்டால் நோய் பரவும் என்பது அவர் கவலை. நம் நாட்டுக்காரர் மூளை வேலை செய்த மேசை அது, மரியாதை உண்டு. ஆனால் நம் சோறும் ரசமும் சுற்றி வராது, வாளியில்தான் வரும். பத்தடி அகல இடத்தில் ஆறடி வட்டம் போட்டால் இரு பக்கமும் இரண்டடிதான் மிச்சம். அதில் வாளி எங்கே போகும்?

பளிங்கைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. ஆறடிக்கு மூன்றடி, இருபது மில்லிமீட்டர் கனம் என்றால் கல் மட்டும் ஏறத்தாழ 90 கிலோ. புளியும் எலுமிச்சையும் பட்டால் மெருகு போய்விடும். ரசம் குடிக்கிற வீட்டுக்கு ஏன் அது?

நான் சொல்ல வந்தது வேறு. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் பெரிய மேசை கேட்டு வந்தவர்களுக்குப் பெரிய மேசை செய்ததே இல்லை. இரட்டை மேசைதான் செய்வார். ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒரே அச்சில் இரண்டு. ஒன்று தினமும் நாலு பேர் சாப்பிட. இன்னொன்று மற்ற நாளில் பிள்ளைகள் படிக்க, துணி மடிக்க, சாமிப் படத்துக்குக் கீழே வைக்க. பண்டிகை வந்தால் சோபாவை வாசலுக்குத் தள்ளிவிட்டு, கூடத்தின் நீளவாக்கில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் பத்தடி. பக்கத்துக்கு ஐந்து பேர், முனைக்கு ஒருவர், மொத்தம் பன்னிரண்டு. கூட்டம் இன்னும் கூடினால் பிரித்து எடுத்துப் போய் வெளியே கூடாரத்தில் போடலாம். இரண்டு ஆள் தூக்கினால் போதும்.

சொல்ல எளிது, செய்வதில்தான் கை தெரியும். இரண்டு மேசையும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரம் இருக்க வேண்டும். கால் அங்குலம் ஏறி இறங்கினால் சேருமிடத்தில் போட்ட இலை சாயும், ரசம் பக்கத்து இலைக்கு ஓடும். பெரியவர் இரண்டையும் சேர்த்து அடியில் கொக்கி மாட்டிவிட்டு, இணைப்பின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார். பிறகு நிமிர்ந்து நிற்பார், ஒன்றும் பேச மாட்டார். தண்ணீர் எந்தப் பக்கமாவது ஓடினால் அன்றைக்கு யாருக்கும் வீட்டுக்குப் போக நேரமில்லை, இழைப்புளிதான். கால்களை மூலையில் வைக்க மாட்டார், ஓரடி உள்ளே தள்ளி வைப்பார். மூலையில் வைத்தால் சேருமிடத்தில் நான்கு கால்கள் கூடிவிடும், அங்கே உட்காருகிறவர் முழங்காலை எங்கே வைப்பார்? இன்றைக்கும் நான் காலை உள்ளே தள்ளித்தான் வைக்கிறேன். வாடிக்கையாளர் படத்தில் மூலையில் இருக்கிறது என்பார். இருக்கட்டும்.

மரம் ரப்பர் மரம்தான். இருபத்தைந்து, முப்பது வருடம் பால் சீவி முடித்த மரத்தை முன்பெல்லாம் விறகாக எரித்தார்கள். பச்சை மரத்தில் பூசணமும் பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். வெட்டிய கையோடு மருந்தேற்றிச் சூளையில் காயவைக்கும் முறை வந்த பிறகுதான் அது மேசையானது. இன்று மூவாரிலிருந்து உலகம் பூராவும் போகிறது. நம் அப்பா அம்மா விடியற்காலையில் சீவிய மரம். வேறு மரம் எனக்கு எதற்கு? வெளிநாட்டு ஓக் மரம் கேட்பவர்கள் வேறு பட்டறை பார்க்கலாம்.

ஆக, முதலில் வழி, அப்புறம் மேசை. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, வாங்கப்போகும் மேசையின் அளவுக்குத் தரையில் விரியுங்கள். சுற்றி நாற்காலி போட்டு வீட்டு ஆட்களை உட்கார வையுங்கள். ஒரு வாளியில் பாதித் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சுற்று நடங்கள். எங்கே இடிக்கிறதோ, அந்தப் பக்கம் காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி நடங்கள். இடிக்காமல் சுற்றி வந்த பிறகு மிஞ்சிய காகிதத்தை அளந்து, அந்த அளவோடு கடைக்குப் போங்கள்.